அண்ணி தியானத்துக்குப் போன கதை

நேத்து வேங்கிக்கால்ல ஒரு ஆட்டோக்காரர் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தைக் காட்டிப் புலம்பினார். எனக்கு எங்க அண்ணி ஞாபகம் வந்துடுச்சு!

ரெண்டாயிரத்து ஒண்ணு, ரெண்டு இருக்கும். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, சாயங்காலமானா தெருவே சீரியல் பாத்து மூக்கைச் சிந்தின காலம்.

அண்ணிக்கு மார்புல கேன்சர். கீமோ போட்டதும் வெள்ளை அணு ரொம்ப கம்மியாயிடுச்சு. அது ஏறினாதான் அடுத்த கீமோன்னு டாக்டர் சொல்லிட்டார். கூட்டத்துல போகக்கூடாது, அதனால கிரிவலம் கட்.

அண்ணன்கிட்ட யாரோ, "கவலைப்பட்டா எதிர்ப்பு சக்தி போயிடும்"னு ஓதிட்டாங்க. (நம்மூர்ல இலவச யோசனைக்கா பஞ்சம்?)

அவ்ளோதான்! வீட்ல அழுகைக்குத் தடை. கேபிளையே பிடுங்கிட்டார்!

"எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்"னு ஆர்டர் வேற.

அண்ணி சண்டையே போடல. "ஆசிரமத்துல ஓரமா உக்காந்து தியானம் பண்ணிட்டு வரேங்க"ன்னு தினம் சாயங்காலம் கிளம்பிடுவாங்க. திரும்பி வரப்ப கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும்.

"பாத்தியா, மூஞ்சில என்னா தேஜஸ்!"னு அண்ணன் பூரிச்சுப் போவார்.

வெள்ளை அணு கவுண்ட்டும் ஏறிச்சு! "எல்லாம் தியானம் சார்"னு டாக்டர்கிட்ட பெருமை.

"நல்லது, பண்ணட்டும். ஆனா ஏத்தினது நான் போட்ட ஊசிங்க, அதை விட்டுடாதீங்க"ன்னார் அவர்.

ஒரு நாள் நல்ல மழை. குடை எடுத்துக்கிட்டு நானும் அண்ணனும் ஆசிரமத்துக்குப் போனோம். அண்ணி இல்ல!

பதறிப்போய் திரும்பி வரோம், பின் தெரு ஷாகிரா அக்கா வீட்டு வாசல்ல அண்ணி செருப்பு. உள்ள எட்டிப் பாத்தா, டிவி முன்னாடி உக்காந்து தேம்பித் தேம்பி அழறாங்க.

"அழாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? உனக்கு உடம்பு சரியாவ வேணாமா?"னு அண்ணன் கத்தினார்.

"உங்க எதிர்ல சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குதுங்க. முடி கொட்டினப்பகூட என்னை அழ விடலியே! செத்துடுவேனோன்னு பயமா இருக்குங்க. அதை நான் எங்க போய் சொல்றது?"

அண்ணன் பொத்துனு பாய்ல உக்காந்தார். "எனக்கு மட்டும் பயமில்லியாடி?"ன்னவர் ஓன்னு அழுதுட்டார். எங்கப்பா செத்தப்பகூட அழாத மனுஷன்! நானும் ஆரம்பிச்சுட்டேன்.

ஷாகிரா அக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டே டிவி சத்தத்தை ஏத்தினாங்க.

"மூணு பேரும் கொஞ்சம் மெதுவா அழுங்கப்பா. மாமியார்காரி என்ன சொன்னான்னே கேக்கல!"

மறுநாளே கேபிள் வந்துடுச்சு. கீமோவெல்லாம் முடிச்சு அண்ணி தேறிட்டாங்க. காப்பாத்தினது மருந்துதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம்தான் எங்க வீட்ல யாரும் யாருக்காகவும் சிரிக்க வேண்டியில்லாம போச்சு.

உங்க வீட்ல உடம்பு சரியில்லாதவங்க எங்க போய் அழறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?