இறுக்கக் கூடாத திருகாணிகள்

கஹவத்தைப் பக்கத்து றப்பர் ஃபெக்டரியில் மெஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டர் அருமைநாயகம். தளர்ந்த நட்டைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ரோலரில் ஒரு போல்ட் தளர்ந்தாலும் யாராவது ஒருவரின் விரல் போய்விடும். அந்தப் பயத்தில் வந்த பழக்கம். மாதா கோயில் மணியையும் விட்டுவைக்காத மனுஷன் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேலி செய்வார்கள்.

1972இல் அவர் மகள் ரோசலின் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவோடு கொழும்புக்குப் போனாள். ஞாயிறு காலை வானொலியில் நேரடியாகப் பாட்டு. நடுவில் சில அடிகள் அவள் மட்டும் தனியே பாட வேண்டும். மகளின் குரலை ரேடியோவில் கேட்கப்போகிறோம் என்று அருமைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

லயத்தார் எல்லாரும் கேட்கட்டும் என்று கணக்கப்பிள்ளை நல்லையா தன் ட்ரான்சிஸ்டரைக் கொண்டுவந்து தந்தார். அது கொஞ்சம் கொறகொறத்தது. அருமைநாயகம் பின்மூடியைக் கழற்றி, பெட்டரிக் கம்பியில் இருந்த துருவைச் சுரண்டினார். இரைச்சல் நின்றது. அதோடு மூடியிருக்கலாம். உள்ளே சின்னச் சின்னத் தகரப் பெட்டிகளின் தலையில் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகத் திருகாணிகள். தொட்டுப் பார்த்தார். எல்லாம் தளர்வு.

“என்னாங்க இது, ஒன்னக்கூட ஒழுங்கா முறுக்கல!” என்று அத்தனையையும் அடிவரை இறுக்கினார்.

அதற்குப் பிறகு ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. பாட்டுக் கேட்கவென்று தலைவாரிப் பூ வைத்து வந்திருந்த அடுத்த வீட்டு வெள்ளையம்மா, “என்னா பிட்டரண்ணே, புள்ள பாட்டு எங்க?” என்றாள்.

“பெட்டரி செத்துப்போச்சு.”

“நேத்துதானே புதுசு போட்டேன்,” என்றார் நல்லையா. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மறுநாள் அவரே அதைத் தூக்கிக்கொண்டு கஹவத்தை பஜாரில் ரேடியோ பழுதுபார்க்கும் றஊபிடம் போனார். றஊப் மூடியைத் திறந்ததும் கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

“அய்யோ, இது முறுக்குற ஆணி இல்லீங்க. உள்ள இருக்குற கம்பிச்சுருள் கொயிலுக்கு அளவு வைக்கிறது. கொஞ்சம் திரும்பினாலும் ஸ்டேசன் ஓடிரும். எல்லாத்தையும் முறுக்கிட்டா எப்பிடிப் பாடும்?”

அன்று சாயங்காலம் ரோசலின் வந்தாள். அவள் பையை இறக்குமுன் அருமைநாயகம் முந்திக்கொண்டார்.

“கேட்டேன் புள்ள. ஒன் கொரல் மட்டும் தனியா, அவ்வளவு நல்லா இருந்திச்சு.”

ரோசலினுக்கு முகம் செத்துப்போனது. “நான் பாடலப்பா. மைக்கப் பாத்ததும் தொண்ட அடைச்சிருச்சு. அந்த எடத்த எங்க குழுவுல இருக்குற மெட்டில்டாதான் பாடினா. நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்கன்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேன்.”

பையை இறக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கொரல்கூட ஒங்களுக்குத் தெரியலையாப்பா?”

அந்தப் பழியை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“யார் கொரலையும் கேக்கல புள்ள,” என்றார். “ரேடியோவ நாந்தான் கெடுத்தேன்.”