தாரை விட்டு யாருங்க இறங்கறது?

சைக்கிள்ல பால் கொண்டு போறவனுக்கு ரோட்டுல ரெண்டே ரெண்டு எதிரிங்க: ஒருத்தன் முன்னால வர்றவன், இன்னொருத்தன் பின்னால வர்றவன். எழுபதுகள்ல மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியிலிருந்து பால் சொசைட்டிக்குத் தினமும் வெடியால பால் மிதிச்சவன் நானு. கேரியர்ல பக்கத்துக்கு ஒரு கேன், ஹேண்டில்ல ஒரு தூக்குப்போசி. கேன்ல இருக்கறது என் பால் மட்டுமில்லீங்க, எங்க வீதியில மாடு வச்சிருக்கற எல்லா ஊட்டுப் பாலும். அதுல பொன்னாத்தாக்காவுக்கு ஒத்த மாடு. தோட்டம் தொரவு கெடையாது, அந்த மாடு கறக்கறதுதான் சோறு. சொசைட்டி லாரி கெளம்பறதுக்குள்ள நான் போய்ச் சேரலீன்னா அன்னிக்கு அந்தக்கா ஊட்டுல உலை வைக்க முடியாது. அந்த வெசனத்தோடதான் தெனமும் மிதிப்பேன்.

ரோட்டுக்கு அப்ப நடுவுல மட்டுந்தான் தாரு. ரெண்டு பக்கமும் மண்ணு. தார் முடியற எடத்துல ஒரு சாண் பள்ளம், பாரத்தோட சக்கரம் அதுல எறங்குச்சுன்னா ஆளு ஒரு பக்கம், கேனு ஒரு பக்கம். அதனால வெறும் வண்டி தாரை விட்டு இறங்கோணும், பாரம் ஏத்தின வண்டி தார் மேலயே போகலாம்னு எங்க பக்கத்துல ஒரு சட்டம். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தனும் மதிக்க மாட்டான். சைக்கிள் மிதிச்சு நொந்த உங்களுக்கெல்லாம் இதை நாஞ்சொல்லியா தெரியோணும்?

ஜன்னலோரச் சீட்டு

கோயமுத்தூர் பஸ் பின்னால வந்தா பெல்லு, பிரேக்கு எதுவும் வேண்டாம், கும்பிடு போட்டுட்டு மண்ணுல எறங்கீட வேண்டியதுதான். டிரைவர் ஹாரன்ல வச்ச கையை எடுக்கவே மாட்டாரு. ஒரு நாள் அப்படித்தான் எறங்கிக் காலூனி நிக்கறேன், ஒரசற மாதிரி பஸ் போகுது, ஜன்னல்ல இருந்து பொளிச்சுன்னு வெத்தலை எச்சி. என் வெள்ளைச் சட்டையில பாதி, கேன் மூடி மேல பாதி. அட கெரகமே! இந்த மூடியோட போனா சொசைட்டிக்காரன் பாலைத் தொடுவானா?

விட்டனா நானு! அடுத்த ஸ்டாப்புல ஆள் ஏத்தறதுக்குள்ள மிதிச்சுப் போய்ப் பிடிச்சுட்டேன். ஜன்னல்ல ஒரு பெரியவரு, ஜரிகைத் துண்டு, நெத்தி நெறையத் திருநீறு. சட்டையைக் காட்டிக் காட்டிக் கத்தறேன். அவரு கோவமே படலை. சாவகாசமா இன்னொரு வெத்தலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டே சொன்னாரு: "காத்து உங்க பக்கமா அடிக்குதுங்க தம்பி, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

ஹாரன் அடிக்காதவர்

கெட்டவனோட மல்லுக்கட்டலாமுங்க, ரொம்ப நல்லவங்களோட முடியாது. கல்பாத்திப் பக்கத்துல இருந்து ஒரு ஐயரு, பெருமாட்டியில அவருக்கு வயல். புதுசா ஒரு பழைய கார் வாங்கியிருந்தாரு. ஒரு நாள் நான் பாட்டுக்கு மிதிச்சிட்டிருக்கேன், பின்னால ஊரே கத்தற சத்தம். பஸ் ஹாரன், லாரி ஹாரன், மாட்டு வண்டிக்காரன் வாயில வர்ற வார்த்தை எல்லாம். திரும்பிப் பார்த்தா என் பின் சக்கரத்தை ஒட்டி அந்தக் கார், சத்தமே இல்லாம நகந்து வருது. அதுக்குப் பின்னால ஒரு ஊர்வலமே வருது.

எத்தனை நேரமா அப்படி வர்றாரோ, சாமிக்குத்தான் வெளிச்சம். நான் பதறிப்போய் எறங்க, கேன் சாய, பால் தளும்ப, எல்லா வண்டிக்காரனும் போறப்ப போறப்ப என்னைத்தான் திட்டீட்டுப் போறான். தளும்பிக் கொட்டின பாலுக்குப் பொன்னாத்தாக்காகிட்ட நானில்ல பதில் சொல்லோணும்? "ஏனுங்க சாமி, ஒரு ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதுங்களா?"ன்னு கேட்டேன். அவரு கண்ணாடியை எறக்கி, ரொம்பப் பதவிசா சொன்னாரு: "பாரத்தோட போறவாளை ஹாரன் அடிச்சு வெரட்டப்படாது பாருங்கோ, அதான் பேசாம பின்னாலயே வந்துண்டிருந்தேன்."

ஓலைக்காரர்

காருக்காரனை மட்டுமே திட்டினா நாக்கு அழுகீருமுங்க. நம்ம சைக்கிள் கூட்டம் என்ன சொக்கத் தங்கமா? எங்க மச்சான் மாரப்பன்னு ஒருத்தரு. தென்ன ஓலையை நீளவாக்குல கட்டினா பின்னால இழுக்குதுன்னு, கேரியர்ல குறுக்க வச்சுக் கட்டீட்டு வருவாரு. தாரு மொத்தமும் அடைஞ்சு போகும். ரெண்டு பக்கமும் ஓலை மண்ணை வாரி வாரி மூஞ்சில எறியும்.

ஒரு நாள் அவரு முன்னால, நான் நடுவுல, எனக்குப் பின்னால ஒரு ஜீப்பு. ஜீப்புக்காரன் என்னையப் பார்த்து ஹாரன் அடிக்கறான், நான் மச்சானைப் பார்த்துப் பெல் அடிக்கறேன், மச்சான் பாட்டுப் பாடிக்கிட்டுப் போறாரு. லாரி கெளம்பற நேரம் ஆச்சு. "ஏனுங் மச்சான், காது அடைச்சுப் போச்சுங்களா?"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பாமயே பதில் வந்துச்சு: "பெல் அடிச்சா நான் ஒதுங்கலாம் மாப்பிள்ளை, ஓலை ஒதுங்குமா?"

வாய்க்கால் பாலம்

இதைச் சொல்லும்போது இன்னிக்கும் எனக்கு ரத்தம் கொதிக்குது. எங்க பக்கத்துத் தோப்புல எறக்கற கள்ளு வெடியாலயே வேன் ஏறி மேக்க இருக்கற கள்ளுக்கடைகளுக்குப் போகும். வெயில் ஏறினா பொங்கிப் புளிச்சுப் போகும்னு அந்த வேன்காரனுக எமன் மாதிரி ஓட்டுவானுக. அதுல ராகவன்னு ஒருத்தன், பாதி மலையாளம் பாதி தமிழு. அவனும் நானும் ஒரு நாள் வாய்க்கால் பாலத்துல எதிரும் புதிருமா மாட்டிக்கிட்டோம். பாலம் ஒத்தை வண்டி அகலம். அவனும் பாரம், நானும் பாரம். ரெண்டும் பாரமா இருந்தா எவன் ஒதுங்கறதுன்னு எங்க சட்டத்துல இல்லீங்களே!

"எடோ, பின்னால தள்ளிக்கோ. எண்டெ வண்டியில கள்ளு"ன்னான்.

"என் வண்டியில மட்டும் என்ன, வாய்க்கால் தண்ணியா?"ன்னேன்.

அவன் என்ஜினை நிறுத்தினான். நான் நட்டநடுப் பாலத்துல சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். அவன் பீடி பத்த வச்சான். நான் கையைக் கட்டிக்கிட்டேன். சைக்கிள்காரன்னா அத்தனை எளக்காரமா? தெனமும் மண்ணுல எறங்கி எறங்கிச் செத்தது எல்லாம் அன்னிக்கு ஒட்டுக்கா நெனப்புக்கு வருது. கூட்டம் கூடிப்போச்சு. குடிக்கறவங்க எல்லாம் அவன் பக்கம், பாலத்தோரத்து டீக்கடைக்காரர் மட்டும் என் பக்கம். "லாரி போயிரும் தம்பி, விட்டுட்டு வாங்க"ன்னு அவருகூடச் சொன்னாரு. எனக்கு எங்க காதுல ஏறுது?

வெயில் சுள்ளுன்னு ஏறுச்சு. வேனுக்குள்ள பீப்பாய் மூடி ஒண்ணு டப்புன்னு தெறிச்சு நொரை பொங்கிக் கீழ ஊத்துச்சு. ராகவன் மொகம் செத்துப்போய், வாய்க்கு வந்ததைத் திட்டிக்கிட்டே பாலம் முடியற வரைக்கும் வேனைப் பின்னாலயே எடுத்துட்டுப் போனான். நான் தேராட்டம் அவனைத் தாண்டிப் போனேன். சொசைட்டிக்குப் போனா லாரி போன புழுதிகூட அடங்கிப் போச்சு. அத்தனை பாலையும் மொட்டை வெயில்ல திருப்பி மிதிச்சுட்டு வந்து ஊடு ஊடா அளந்து ஊத்தினேன்.

பொன்னாத்தாக்கா பாலை வாங்கி அடுப்புல வச்சாங்க. அன்னிக்கு அந்த அடுப்புல ஏறினது அது ஒண்ணுதான். காயக் காயத் திரிஞ்சு கட்டி கட்டியாப் போச்சு. நான் நிறுத்தாம நியாயம் பேசறேன்: அவன் எத்தனை திமிராப் பேசினான், நான் ஏன் விடலை, பாரம்னா ரெண்டும் பாரந்தானுங்களேக்கான்னு. சட்டியையே பார்த்துக்கிட்டிருந்தவங்க, "கடைசீல வழி விட்டது யாரு தம்பி?"ன்னாங்க. "அவன்தானுங்க்கா! பின்னாலயே ஊர்ந்து போனான்!"னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். சட்டியைத் துணி புடிச்சு எறக்கினாங்க, என் தூக்குப்போசியை இழுத்து வச்சு, திரிஞ்ச பாலைக் கடைசிச் சொட்டு வரைக்கும் அதுல ஊத்தினாங்க. "நீங்க ஜெயிச்ச பாலுங்க தம்பி, நீங்களே கொண்டு போய்க் குடிங்க."

இன்னிக்கு நீங்க யாரு வந்து கேட்டாலும் பாலத்துல நியாயம் என் பக்கந்தான்னு அடிச்சுச் சொல்லுவேன், என்ன, அதை எந்த சொசைட்டியிலயும் அளந்து எடுத்துக்க மாட்டேங்கறாங்க.