கஞ்சியில் எதற்கு சென்ட்?

போன வாரம் என் வீட்டுக்காரரின் வேலையே போயிருக்கும் — ஒரு பாக்கெட் கஞ்சிப் பவுடரால். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தங்கை பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்தால்தான் பருத்தித் துண்டுகள் கத்தரிக்கு அடங்கும். சோற்றுக் கஞ்சி போட்டேன். இந்தத் தேயிலைத் தோட்டத்து மூடுபனியில் சாயங்காலமே தொய்ந்துவிட்டது. கோதுமை மாவா? கறுப்புத் துணியெல்லாம் வெள்ளைத் திட்டு! சரி, ஜவ்வரிசி வாங்கிக் காய்ச்சலாம் என்று தலவாக்கலை டவுனுக்குப் போனேன்.

கடைக்கார நானா ஒரு பாக்கெட்டை நீட்டினார்.

"ஜவ்வரிசி எதுக்குங்க? இது சீமைச் சரக்கு. துணி மொடமொடன்னு நிக்கும். சென்ட் வேற போட்டிருக்கு."

சென்ட் என்றதும் மயங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் மயங்கமாட்டீர்களா?

வாங்கி வந்து, அந்தக் கஞ்சியில் துணியை நனைத்துக் கொடியில் போட்டேன். வெயில் எங்கே? வீட்டுக்காரரிடம் புலம்பிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் கொடி காலி.

"ஏங்க, துணி எங்க?"

"ஃபேக்டரி மேல்மாடியில போட்டுட்டேன். கொழுந்து வாட்டுற சூட்டுக் காத்துல சுருக்கா காஞ்சிரும்," என்றார் பெருமையாக.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அந்தத் தேயிலை ஃபேக்டரியின் டீமேக்கர்; தேயிலைப் பக்குவத்துக்கு அவர்தான் பொறுப்பு. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று, மல்லிகைப்பூ வைத்துவரும் பெண்களை ஃபேக்டரி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்!

"ஐயோ, அது சென்ட் போட்ட கஞ்சிங்க!"

"என்னது? எனக்கு ஒரு வாசனையும் தெரியலியே..."

எப்படித் தெரியும்? நாலு நாளாக மூக்கடைப்பு. ஓடிப்போய்த் துணியை அள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் கொழுந்து? ஒரு மாடி நிறையக் கொழுந்து! அது கெட்டால் வேலை போகும். தோட்டம் கொடுத்த இந்த வீடும் போகும். மோந்து பார்க்கவோ அவருக்கு மூக்கு இல்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தோட்டத்துத் துரை வந்து, ருசி பார்க்க அந்தத் தேயிலையைக் கோப்பை கோப்பையாக உறிஞ்சித் துப்பினார். கடைசியில் "குட்" என்றாராம். அதைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்... அப்படி ஒரு நிம்மதி.

அப்புறம்தான் துணியை முகர்ந்து பார்த்தேன். சென்ட் போன இடம் தெரியவில்லை. துணி முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசனை! அலசிப் போட்டுவிட்டு, மறுபடி கடைக்குப் போய் ஜவ்வரிசியே வாங்கி வந்து காய்ச்சினேன். நன்றாகத்தான் நிற்கிறது. திட்டும் இல்லை, மணமும் இல்லை.

துணி மணக்காவிட்டால் என்ன... வீட்டில் அடுப்பு எரிகிறதே!