ஏரிக்கடியில் கட்டங்கள்

மார்கரெட்டுக்கு இறால் பிடிக்கும் வேலை ஒத்துப்போனதற்கு முதல் காரணம் பறிதான். ஓலையில் முடைந்த அந்தச் சிறு கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். வாயில் பறி இருப்பவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். நாலு பேர் நடுவில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. பழவேற்காட்டு ஏரியின் அடித்தரையில் தண்ணீர் வரி போட்டு வைத்திருக்கும். நாலு விரல் இடைவெளி, ஒரு விரல் உயரம், பிசகாது. கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது; உள்ளங்காலுக்குத் தெரியும். கோடையில் சேறு காய்ந்து வெடிக்கும்போது விழும் கட்டங்களையும், கரையில் ஒதுங்கும் சங்குகள் ஒரே பக்கமாகவே சுழன்று ஏறுவதையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரே கைதான் போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் சொல்வது அவளுக்குப் பாதிதான் புரியும். அந்த வரிகளின் மேல் நின்றால் ஜெபம் தானாக வரும்.

ஐப்பசி மழை ஒரு வாரம் கொட்டி ஓய்ந்த காலையில் நாத்தனார் கிறிஸ்டினாவும் கூட வருவேன் என்றாள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலை உடைத்துக்கொண்டு திறந்திருந்தது. கடலிலிருந்து இறால் ஏறும் நேரம். மார்கரெட்டின் கணவன் ஜெரோமுக்கு மனசில்லை. தையில் கல்யாணம் வைத்திருக்கும் தங்கை.

"அதுக்கு நீச்சல் தெரியாது. முழுசா கூட்டினு வந்துடு" என்று மட்டும் மார்கரெட்டிடம் சொன்னான்.

வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கிறிஸ்டினாவின் வாய் ஓயவில்லை. "இன்னா அண்ணி, இன்னும் தண்ணியே தொடல, அதுக்குள்ள பறியைக் கடிச்சுக்கினே? பேசச் சொல்லிடுவோம்னு பயமா?" என்றாள். மார்கரெட் கண்ணால் சிரித்தாள்.

ஆற்று வெள்ளம் கலந்து ஏரி செம்மண் நிறத்தில் இருந்தது. வழக்கமாக மொய்க்கும் பறவைகளில் ஒன்றுகூட முகத்துவாரத்து மணல்மேட்டின்மேல் இல்லை. மற்றப் பெண்கள் பின்தங்கிவிட, கிறிஸ்டினா முகத்துவாரப் பக்கமாகத் தடவிக்கொண்டே போனாள். பத்தடி பின்னால் மார்கரெட்.

அப்போதுதான் காலுக்குக் கீழே அது தட்டுப்பட்டது. வழக்கமான வரிகளின் குறுக்கே இன்னொரு வரிசை. குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து கட்டங்கள், கோயில் ஜன்னல் கண்ணாடி மாதிரி, ஒவ்வொன்றும் ஒரே அளவு. இருபது வருடத்தில் இப்படி ஒன்றை அவள் கால் தொட்டதில்லை. தனக்கென்றே போட்டது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு முழு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடித்து, இன்னொன்றும் தொடங்கினாள்.

கணுக்கால் திடீரெனச் சில்லிட்டது. காலடியில் கட்டங்கள் ஆழமாகிக்கொண்டிருந்தன. ஒரு வரியை ஆற்றுத் தண்ணீர் போடுகிறது. மற்றதை வேறொரு தண்ணீர். கடல் உள்ளே வரவில்லை, ஏரித் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது கிறிஸ்டினா முப்பதடி தள்ளி, மார்பளவு நீரில் இருந்தாள்.

"கிறிஸ்டி, நில்லு. காலை எடுக்காத."

பறி வாயிலிருந்து விழுந்தது. அண்ணியின் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டிராத பெண் அதிர்ந்து நின்றாள். அவள் முன்வைத்திருந்த காலுக்குக் கீழே தரை இல்லை. மார்கரெட் பாய்ந்து போய்த் தாவணியோடு தலைமுடியையும் சேர்த்துப் பிடித்தாள். பறி அவர்களைத் தாண்டி, ஓட்டமாக முகத்துவாரத்துக்குள் போய் மறைந்தது.

கரையேறியதும் கிறிஸ்டினா தெருவெல்லாம் சொன்னாள். "அண்ணி காலுக்கு ஆண்டவர் காட்டிக் குடுக்குறாரு. அது சொல்லலனா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

கட்டங்கள் தட்டுப்பட்ட உடனே கத்தியிருந்தால் அந்தப் பெண் தொடையளவு தண்ணீரிலேயே திரும்பியிருப்பாள் என்று சொல்ல மார்கரெட் இரண்டு முறை வாயெடுத்தாள். அழகாக இருந்தது, அதனால் நின்றேன் என்பதை எப்படிச் சொல்வது? ஜெரோம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று அவள் ஜெபம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கரையில் ஏழு பெண்கள் காத்திருந்தார்கள். கிறிஸ்டினாவும் இருந்தாள்.

"நீ முன்னால போ மார்கரெட்டு" என்றாள் மூத்தவள். "நீ கால் வைக்கிற எடத்துலயே நாங்களும் வைக்கிறோம்."

அவள் இறங்கினாள். நாலடி, பத்தடி. தரை வழவழவென்று இருந்தது, துடைத்துவிட்டாற்போல. ஒரு வரிகூட இல்லை. பின்னால் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது.