மூன்று தரம் இழுத்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ சொல்லிக் கேட்டு எழுதுவது அல்ல. என் கையில் நடந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், நம்பாதவர்களைக் கண்டால் இப்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

என் பெயர் பிரகலாதன். ஊர் வல்வெட்டித்துறை, வயது ஐம்பத்தாறு. வலிகாமத்தில் ஒரு சிறிய தீயணைப்பு நிலையத்தில் தொண்டர் படையை நடத்துகிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். படையில் பன்னிரண்டு பேர். சம்பளம் கிடையாது. பகலில் கடை, ஆஸ்பத்திரி, தோட்டம் என்று தங்கள் பிழைப்பைப் பார்ப்பார்கள். நிலையத்து வாகனம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்போது அழைப்பு வந்தால் நாங்கள்தான் ஓட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு வளவில் பயிற்சி. பிந்தி வருபவன் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

எங்கள் பக்கத்தில் தீயைவிடக் கிணறுதான் அதிகம் கூப்பிடும். ஆடு விழும், மாடு விழும், மனிதர் விழுவர். அதனால் கயிற்று வேலையை நானே சொல்லிக் கொடுத்தேன். என் தகப்பன் கடலட்டை எடுக்கச் சுழியோடியவர். கடலுக்கு அடியில் இருப்பவர் மேலே வள்ளத்தில் இருப்பவரோடு கயிற்றால்தான் கதைப்பார். ஒரு தரம் இழுத்தால் சுகம். இரண்டு தரம் இழுத்தால் கயிறு விடு. மூன்று தரம் இழுத்தால் தூக்கு. மூன்று வந்தால் யோசிக்கக் கூடாது. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. தூக்க வேண்டும். பயிற்சியில் யோசித்துக்கொண்டு நின்றவர்களை நான் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கிறேன். என் வாய் அப்படி.

போன ஆவணி. ஒரு சனிக்கிழமை. பின்னேரம் 4.25க்குத் தொலைபேசி அடித்தது. உரும்பிராயில் ஒரு தோட்டக் கிணறு. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போன அருளம்பலம் என்பவர் உள்ளே கிடக்கிறார். நிலையத்து வாகனம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு கடைத் தீக்குப் போயிருந்தது. மூச்சுக்காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் அந்த வாகனத்தில். எங்களிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். நான் பழைய பிக்கப்பை எடுத்தேன். என்னோடு மூன்று பேர். பார்த்தீபன், வித்தியா, முருகேசு.

பார்த்தீபன் மோட்டார் சைக்கிள் திருத்துபவன். முப்பத்தொரு வயது. மனைவி கஜானிக்கு அப்போது ஏழு மாதம். அவன் படையில் சேர்ந்த அன்று கஜானி என்னைத் தேடி வந்தாள். "அண்ணை, இவர் ஒண்டையும் யோசிக்கிற ஆள் இல்லை. உங்களை நம்பித்தான் விடுறன்" என்றாள். "ஓம் பிள்ளை, என்ரை பொறுப்பு" என்று நானும் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

4.41க்குப் போய்ச் சேர்ந்தோம். பார்த்தவுடனே விளங்கியது. கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது. மேலே வைத்த இறைப்பு மெசின் தண்ணீரை இழுக்காது. மனிதர் மெசினைக் கிணற்றுக்குள் இருக்கும் கல் தட்டில் இறக்கி வைத்து ஓடவிட்டிருக்கிறார். எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் தோட்டக்காரர் விடாத பிழை. புகை போக வழியில்லை. கிணறு முழுக்க விஷம்.

"ரெண்டு மணிக்கு முன்னமே சத்தம் நிண்டிட்டுது. சாப்பிடப் போட்டார் எண்டு நினைச்சன்" என்றார் அடுத்த தோட்டக்காரர்.

டோர்ச்சை அடித்தேன். முப்பத்தைந்து அடி கீழே, பச்சைச் சட்டை. குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் விரிந்திருந்தன. அசைவில்லை.

விளக்கு ஒன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தேன். அணையவில்லை. காற்று பரவாயில்லை என்று நினைத்தேன். மெசின் புகையில் விளக்கு அணையாது, ஆள்தான் சாவான். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் இருந்தது வெட்கக்கேடு. ஆனாலும், "வாகனம் வரட்டும். ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்றுதான் சொன்னேன்.

பார்த்தீபன் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை... கை அசையுது."

"தண்ணி அசைக்குது."

"இல்லை அண்ணை. கூப்பிடுறார். வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். வலது கை. விரல்கள் மடங்கின. நிமிர்ந்தன. திரும்ப மடங்கின. முகம் தண்ணீருக்குள்தான் இருந்தது.

"உயிர் இருக்கு. நான் இறங்கிறன்."

மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. அவன் இடுப்பில் கயிற்றை நானே கட்டினேன்.

4.56க்கு இறங்கினான். தட்டில் கால் வைத்ததும் ஒரு தரம் இழுத்தான். சுகம். பிறகு இரண்டு தரம். கயிறு விட்டோம். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

"பார்த்தீபன்!"

என் குரல்தான் திரும்பி வந்தது. 5.00... 5.01... கஜானியின் முகம் வந்து முன்னால் நின்றது.

5.02. கயிறு இழுபட்டது. ஒன்று... இரண்டு... மூன்று. நல்ல பலமாக. நான் சொல்லிக் கொடுத்த அதே இடைவெளி.

தூக்கினோம். நானும் முருகேசுவும் ஊரவர் இருவரும். பார்த்தீபன் வந்தான். தலை தொங்கியது. உதடு குங்குமச் சிவப்பு. தாதியாக வேலை பார்க்கும் வித்தியா ஓடி வந்து நாடி பிடித்தாள்.

"இருக்கு! நாடி இருக்கு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் திரும்பினேன். வித்தியா அவன் கையைத் தூக்கிப் பார்த்தாள். அது துணி மாதிரி விழுந்தது.

"அண்ணை... இவர் மயங்கிக் கன நேரம். எப்பிடிக் கயிறை இழுத்தவர்?"

"விசர்க் கதை கதையாமல் வேலையைப் பார்!"

5.19க்கு அம்புலன்ஸ் வந்தது. வித்தியா அவனோடு போனாள். சாவகச்சேரியில் இருந்து வரும் எங்கள் வாகனத்துக்கு வழி காட்ட முருகேசுவைச் சந்திக்கு அனுப்பினேன். காற்று விஷம் என்று கத்தி ஊர்ச்சனத்தைத் தோட்டத்துக்கு வெளியே ஒழுங்கைக்குத் துரத்தினேன். அருளம்பலத்தின் மனைவி செல்வநாயகி மட்டும் போக மறுத்துவிட்டார். கிணற்றுக்கு அந்தப் பக்கம், பூவரசுக்குக் கீழே இருந்தார். அழவில்லை. கதைக்கவில்லை. நினைவு தப்பிய நிலை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

கயிற்றைத் திரும்ப உள்ளே இறக்கினேன். நுனியில் ஒரு வளையம் போட்டு. கீழே ஆள் இருக்கும்வரை கயிறு தண்ணீரில் இருக்க வேண்டும், அது எங்கள் கடல் வழக்கம். மேல் நுனியைப் பிக்கப்பின் பின்பக்கத்துக் கொக்கியில் கட்டினேன்.

இருட்டத் தொடங்கியது. தூரத்துக் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. 6.07.

டிங்.

கொக்கி. காற்று என்று நினைத்தேன். வாழை இலைகூட ஆடவில்லை.

டிங்... டிங்... டிங்.

கிட்டப் போனேன். கயிறு விறைத்து நின்றது. கையில் பிடித்தேன். கீழே பாரம் இருந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று.

டோர்ச்சை அடித்தேன். பச்சைச் சட்டை. குப்புறத்தான் கிடந்தார். ஆனால் இடம் மாறியிருந்தது. முன்பு அந்தக் கரையில் கிடந்தவர், இப்போது நேரே கயிற்றுக்குக் கீழே. இடது கை விரிந்து மிதந்தது. வலது கை தெரியவில்லை. கயிறும் அந்த இடத்தில்தான் தண்ணீருக்குள் போனது.

ஒன்று... இரண்டு... மூன்று.

தூக்க வேண்டும். என்னுடைய சட்டம் அது.

கயிற்றை விட்டுவிட்டேன்.

ஓம். நான்தான். பயந்துபோனேன். இழுத்தால் என்ன ஏறி வரும் என்று பயந்தேன்.

பிக்கப்புக்குள் ஏறினேன். கதவைப் பூட்டினேன். கண்ணாடியை ஏற்றினேன்.

வாகனம் குலுங்கியது.

மூன்று தரம்.

6.15.

6.21.

கண்ணை மூடிக்கொண்டேன். கந்தசஷ்டி கவசம் சொல்லப் பார்த்தேன். வாயில் வரவில்லை.

6.30. தொலைபேசி. வித்தியா.

"அண்ணை, பார்த்தீபனுக்கு அறிவு வந்திட்டுது! கஜானியும் வந்திட்டா."

"கடவுளே..."

"கயிறை மூண்டு தரம் இழுத்தது அவர் இல்லையாம். தட்டிலை கால் வைச்சதும் கொஞ்சம் கயிறு கேட்டதும்தான் ஞாபகமாம். அந்தாளைத் தூக்கியாச்சோ எண்டு கேக்கிறார்."

வாகனம் குலுங்கியது.

"என்ன அண்ணை சத்தம்?"

"ஒண்டுமில்லை. வை."

6.38...

6.44...

6.49.

இந்த முறை மெல்ல. மிக மெல்ல.

ஒன்று...

இரண்டு...

மூன்றாவது வரவில்லை.

7.05க்கு நிலையத்து வாகனம் வந்தது. முகமூடி போட்ட எங்கள் ஆள் இறங்கி, 7.32க்கு அருளம்பலத்தை மேலே கொண்டுவந்தார். நான் இறக்கிய வளையம் அவருடைய வலது மணிக்கட்டில் இருந்தது. விரல்கள் கயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தன. விரிக்க முடியவில்லை. கயிற்றை வெட்டித்தான் எடுத்தோம்.

"நீரோ கட்டினது?" என்று இறங்கிய எங்கள் ஆளிடம் கேட்டேன்.

"இல்லை அண்ணை. நான் போகேக்கையே பிடிச்சபடிதான் கிடந்தவர்."

பிரேதப் பரிசோதனை இரண்டு நாள் கழித்து. மனிதர் இறந்தது பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் என்றார் டொக்டர். சந்தேகமே இல்லை என்றார். "கயிறை ஆர் கையிலை மாட்டினது?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஆள்தான் மாட்டியிருப்பார் என்று பொய் சொன்னேன். வாக்குமூலத்திலும் அதையே எழுதிக் கொடுத்தேன். குலுங்கலைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கண்டது நான் ஒருவன்தானே என்று இருந்துவிட்டேன்.

டொக்டர் சொன்னது சரி என்றால் என்னைக் கூப்பிட்டது செத்தவர். பிழை என்றால் உயிரோடு இருந்த மனிதர் நாற்பத்திரண்டு நிமிடம் கெஞ்சியிருக்கிறார், நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்திருக்கிறேன். அது பேய்தான் என்று நினைத்தால்தான் எனக்கு நித்திரை வந்தது. பேயை நம்பி ஆறுதல் அடைந்த ஆள் இந்த யாழ்ப்பாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. கடல் கயிற்றுக் கணக்கு, உரும்பிராயில் வெங்காயம் போடுகிற மனிதருக்கு எப்படித் தெரியும்?

அருளம்பலத்தின் எட்டாம் நாள் செலவுச் சடங்குக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு செல்வநாயகி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"உங்கடை ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி எல்லாம் அவருக்குப் பாடம், அண்ணை."

"எப்பிடி?"

"சந்தைக்கு வெங்காயம் குடுத்திட்டு வரேக்கை சைக்கிளை விட்டிட்டு, உங்கடை கம்பி வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாக்கிறவர். தானும் சேர வேணும் எண்டு உங்களிட்டை வந்து கேட்டவர். வயசு போட்டுது, வீட்டிலை போய் இரும் எண்டு பேசி அனுப்பினனீங்களாம்."

எனக்கு நினைவில்லை. எத்தனையோ பேரை அப்படிப் பேசியிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் அந்த முகம் வரவில்லை.

"பிறகு வீட்டை வந்து ஆட்டுக் கயித்தாலை எனக்குக் காட்டுவார். ஒண்டு சுகம், ரெண்டு விடு, மூண்டு தூக்கு எண்டு. நான் சிரிக்கிறனான்."

தேத்தண்ணிக் கோப்பையை என்னால் தூக்க முடியவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அண்டைக்குப் பூவரசுக்குக் கீழை இருந்து எண்ணினனான், அண்ணை. பதினாலு தரம். ஒவ்வொருக்காலும் மூண்டு. கடைசியிலைதான் ரெண்டோடை நிண்டது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் வாகனத்துக்குள்ளை இருந்தனீங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியும்தானே... இப்ப இறங்கி வந்து தூக்குவியள், இப்ப தூக்குவியள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்."