மூன்று முறை குனிந்த ஜப்பானியர்

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் டப்பா மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டைப்பிஸ்ட். பொன்னேரியை அடுத்த சின்ன ஊரான ஆரணியிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். வழியில் படிக்க வாடகை நூல்நிலையத்தில் துப்பறியும் நாவல் எடுப்பேன்.

ஒரு வாரம் கிடைத்தது உலகத் தொழில் போட்டிக் கதை. ஒரு மெஷினின் ரகசியத்துக்காக ஜப்பான் கம்பெனியும் ஜெர்மன் கம்பெனியும் மாறிமாறிக் கொலை செய்யும். எழுதியவர் ஜெர்மனி பக்கம் போனதில்லை என்பது, கொலையாளி அங்கே வேப்பமர நிழலில் காரை நிறுத்தியபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அயல்நாட்டார் குணங்களை அடித்துச் சொல்லியிருந்தார். ஜெர்மன்காரன் சிரித்தால் அது பொய். ஜப்பான்காரன் மூன்று முறை குனிந்தால் எதிரில் இருப்பவன் பிழைக்கமாட்டான். இரண்டு பேருமே தரும் வரைபடத்தில் வேண்டுமென்றே ஓர் அங்குலம் குறைத்திருப்பார்கள். மெஷினை வாங்கும் புத்திசாலியான சென்னை முதலாளி அதைத் திருத்திக்கொள்வார்.

என் மேஜை இழுப்பறையில் இருந்த அந்தப் புத்தகத்தை மேனேஜர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பயந்தேன். எடுத்துக்கொண்டு போய் இரண்டே நாளில் படித்து முடித்துத் திருப்பித் தந்தார்.

அடுத்த வாரம், புது மெஷினை நிறுவ நிஜமாகவே ஒரு ஜப்பான் எஞ்சினியர் வந்தார். வாட்ச்மேனுக்கும் குனிந்து வணக்கம் சொல்லுகிற மனிதர். மெஷினைத் தரையில் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் எங்கெங்கே வரவேண்டும் என்று அளவு எழுதி என்னிடம் தந்தார். கொத்தனாருக்காக நான் அதை டைப் அடிக்க உட்கார்ந்தபோது மேனேஜர் வந்து நின்றார்.

"இன்னாம்மா, அவன் குடுத்தத அப்படியே அடிச்சிக்கினு இருக்கியா? எல்லாத்துலயும் ஒரு இஞ்ச் கூட்டிப் போடு."

"சார், அவரு எஞ்சினியர் சார்."

"எஞ்சினியர்னாதான் பேஜாரு. அந்தக் கதைய நீயும் படிச்ச இல்ல?"

கூட்டிப் போட்டேன். என் வேலை எனக்கு வேண்டியிருந்தது.

சிமென்ட் இறுகியபின் துறைமுகத்திலிருந்து மெஷின் வந்தது. கிரேனில் தூக்கி இறக்கினார்கள். ஒரு போல்ட்டும் துளையில் சேரவில்லை. ஜப்பானியர் டேப்பை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார். தன் கையெழுத்து புரியாமல்தான் இப்படி ஆகிவிட்டது என்று முடிவு செய்து, மேனேஜர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை குனிந்தபோது மேனேஜர் பக்கத்தில் நின்ற ஃபோர்மேனின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு வேளையில் நான் டைப் அடித்த தாளையும் நாவலையும் எடுத்துக்கொண்டு போய், தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார், எங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார், என் வேலை போகும் என்றெல்லாம் நினைத்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. அட்டைப்படத்தில் கத்தியோடு நிற்கும் ஜப்பான் வில்லனையே வெகுநேரம் பார்த்தார்.

"இது சைனாக்காரர் சட்டை" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து போய்க் கொத்தனாரிடம் சரியான அளவைத் தன் கையாலேயே சாக்பீஸில் போட்டுக் காட்டினார். சிமென்ட்டை உடைக்க நாலு நாள் ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கும்மிடிப்பூண்டி மண்ணில் உப்பு அதிகம் என்று மேனேஜர் சொல்லச் சொல்ல, நான் பிழையில்லாமல் டைப் அடித்தேன்.