கனகசுந்தரத்தார் தேடிய நன்மை

நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உவர்மலைக் கனகசுந்தரத்தாருக்கு ஓர் உத்தியோகம் மிஞ்சியிருந்தது. யாருக்கு என்ன கேடு வந்தாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் நன்மையை எடுத்துக் காட்டுவது. கிளிவெட்டியில் ஒருவருடைய வயலை வெள்ளம் கொண்டுபோனபோது, "இந்தப் போகம் நெல்லு விலை விழும், தம்பி. வெட்டியிருந்தாலும் நட்டம்தான்" என்றார். ஈச்சிலம்பற்றில் மாப்பிள்ளை கலியாணத்துக்கு முதல்நாள் ஓடிப்போனபோது, "தாலி கட்டிப்போட்டு ஓடாம முதலே ஓடினானே, அதுவும் ஒரு பண்பு" என்று பெண்ணின் தகப்பனைச் சிரிக்கக்கூட வைத்தார். அந்தப் போகம் நெல் விலை ஏறியதைப் பற்றி யாரும் திரும்பி வந்து அவரிடம் கேட்கவில்லை. துக்கப்பட்டவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை.

கேட்டது அவருடைய மனைவிதான்.

அன்னலட்சுமி முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். இடது கண்ணில் வெள்ளை படர்ந்ததற்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு கிருமி தொற்றி அந்தக் கண்ணின் பார்வையே போயிற்று. வீட்டுக்கு வந்த அன்று, கோப்பைக்குள் ஊற்றுவதாக நினைத்துத் தேநீரை மேசையில் ஊற்றினார். கனகசுந்தரத்தார் துணியால் துடைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், "எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான், அன்னம்" என்று சொல்லிவிட்டார்.

அன்னலட்சுமி கேத்திலைக் கீழே வைத்தார்.

"என்ன நல்லது?"

"அது... போகப் போகத் தெரியும்."

"விடையை மட்டும் எழுதினாப் புள்ளி இல்லை. வழியைக் காட்டுங்கோ. அதுவரைக்கும் என்னோட வேற கதை வேண்டாம்."

ஒரு பொழுதோடு தீரும் கோபம் என்றுதான் கனகசுந்தரத்தார் நினைத்தார். மூன்று கிழமை போனது. காலையில் கடற்கரைக்குப் போனார், துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தார், திரும்பி வந்தார், மாலையில் மறுபடியும் போனார். வீட்டில் எந்தக் கதிரையிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்பது வருடம் பேச்சுத்துணையாக இருந்த மனுசியோடு, இப்போது பரீட்சை எழுதுவதற்கு மட்டுமே வாய் திறக்கலாம்.

"மற்றக் கண் நல்லாயிருக்கே."

"அது முதலும் நல்லாத்தான் இருந்தது."

"கிருமி மூளைக்கு ஏறியிருந்தா?"

"கிருமியே வராம விட்டிருந்தா?"

"இந்தச் சாட்டில நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் நெருங்கி வந்தம் எண்டு..."

"எங்க வந்தனாங்கள்? நீங்கள் மூண்டு கிழமையாக் கடற்கரையில நிக்கிறியள்."

அங்கே நின்றபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த நன்மையைத் தேடிப் பார்த்ததில்லை. சொன்னார், செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். துக்க வீட்டிலிருந்து மரியாதையாக எழும்பி வருவதற்கு அதைவிட வசதியான வசனம் இல்லை. கால்மணித்தியாலத்துக்கு மேல் அவர் எந்தச் செத்தவீட்டிலும் இருந்தது கிடையாது.

நாலாம் கிழமை நிலாவெளியிலிருந்து செய்தி வந்தது. கிழமைக்கு ஒருதரம் இவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் முருகேசுவின் மனைவி சீதேவி டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். நாற்பத்தொன்பது வயது. கனகசுந்தரத்தார் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தபோது, அன்னலட்சுமி கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றார். கண் போன பிறகு வெளியே கிளம்புவது அதுதான் முதல்தடவை.

செத்தவீட்டில் முருகேசுவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கனகசுந்தரத்தாருக்காகக் காலியாக இருந்தது. விடிந்ததிலிருந்து முருகேசு அழவுமில்லை, வாய் திறக்கவுமில்லை என்றார்கள். "ஐயா, நாலு வார்த்தை சொல்லுங்கோ. உங்கட வாயால கேட்டாத்தான் இவனுக்குத் தெம்பு வரும்" என்றார் சீதேவியின் தமையன்.

கனகசுந்தரத்தார் எழுந்தார். "எல்லாம்..." என்று தொடங்கினார். சனம் தலையை ஆட்ட ஆயத்தமாக இருந்தது. பெண்களுக்கு நடுவில் அந்தக் கறுப்புக் கண்ணாடி அவர் பக்கம் திரும்பியது.

அவர் வேட்டித் தலைப்பைப் பிடித்தார், விட்டார்.

"முருகேசு, சீதேவி போனதில என்ன நல்லது எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் தேடிப் பாத்தனான். ஒண்டும் இல்லை."

முருகேசு நிமிர்ந்து பார்த்தான். "ஓம் ஐயா" என்றான். பிறகு வாய்விட்டு அழுதான், வீதியில் போனவர்கள் நின்று பார்க்கும்படியாக.

"ஆறுதல் சொல்லுங்கோ எண்டு கூப்பிட்டா, மனுசனை அழ வைச்சுப்போட்டார்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "ஐயாவுக்கும் வயசு போட்டுது."

சவம் எடுக்கும்வரை கனகசுந்தரத்தார் அந்தக் கதிரையிலேயே இருந்தார். முருகேசுவின் கை அவருடைய கைக்குள் இருந்தது. சொல்லுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

திரும்பும்போது ஓட்டோவில் அவர் அன்னலட்சுமிக்கு இடப்பக்கமாக ஏறி இருந்தார்.

"இஞ்சாருங்கோ, மற்றப் பக்கம் வாங்கோ" என்றார் அன்னலட்சுமி. "அங்க இருந்தா எனக்கு உங்கட முகம் தெரியாது."

அவர் இறங்கி, சுற்றி வந்து, அன்னலட்சுமி நகர்ந்து இடம் விட்ட வலப்பக்கம் ஏறினார். ஓட்டோ புறப்பட்டது. சாப்பாட்டு மேசையில் இந்த மூன்று கிழமையும் தான் அன்னலட்சுமிக்கு எந்தப் பக்கம் இருந்தோம் என்று யோசிக்கத் தொடங்கினார். உவர்மலை ஏற்றம் வந்த பிறகும் அந்த யோசனை அவரை விடவில்லை.